விருந்தாசிரியர் எவருக்குக் கடமைப்பட்டவர்?

தன் மண்ணில் கற்பிப்பார் இல்லாத மொழி ஒன்றுக்கு அயல்நாட்டிலிருந்து ஆசிரியரை அழைப்பது எந்த நாட்டுக்கும் இழுக்கன்று. சீனமொழியை மாணவர்க்குப் பயிற்ற விரும்பும் ஊர்ப்பள்ளி, சீனத்திலிருந்து ஒருவரை வரவழைப்பதில் நாணுதற்கு ஏதுமில்லை. ஆயினும் அவரைத் தேர்வு செய்பவர் யார், அவருக்கு ஊதியம் அளிப்பவர் யார், அவர் எவருக்குக் கடமைப்பட்டவர், அவர் திரும்பிச் சென்றபின் அவ்விடத்தில் நின்று கற்பிப்பவர் யார் என்னும் நான்கு வினாக்கள் உள்ளன. அழைப்பு விடுக்குமுன் இவற்றுக்கு விடை காணாத நாடுகள் பின்னர் இடர்ப்பட்டன. அமெரிக்கப் பள்ளிகளில் கடந்த இருபது ஆண்டுகளில் நிகழ்ந்தவை இதற்குச் சான்று. ஐந்தாண்டுக்கு மேல் நின்றிருந்த இந்திய-சீன நேரடி வான்போக்குவரத்து 2025 அக்டோபரில் மீண்டும் தொடங்கியுள்ள இவ்வேளையில், அவ்வரலாற்றை நாமும் ஊன்றி நோக்குதல் நலம்.

அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்க்குப் பொதுத்தேர்வுகள் நடத்தும் காலேஜ் போர்டு என்னும் அமைப்பு, 2004-ஆம் ஆண்டில் பள்ளிகளின் விருப்பத்தைக் கேட்டறிந்தது. கல்லூரி நிலைக்கு ஒப்பான சீனமொழிப் பாடத்தைத் தொடங்க ஏறத்தாழ 2,400 பள்ளிகள் ஆர்வம் தெரிவித்தன. அத்தனை வகுப்புகளுக்கும் ஆசிரியர் எங்கே என்பதற்கு எவரிடமும் விடையில்லை. அந்நாட்டில் வாழும் சீனர் பல தலைமுறைகளாக வார இறுதிப் பள்ளிகள் நடத்தித் தம் பிள்ளைகளுக்கு மொழி கற்பித்தே வந்தனர். எனினும் அங்குத் தொண்டாற்றிய பெற்றோருள் பெரும்பாலோர் அரசுப் பள்ளியில் பணிபுரிதற்குரிய மாநில உரிமம் பெற்றவரல்லர். அவர்களுக்கு உரிய பயிற்சி தந்து உரிமம் வழங்குவது காலம் பிடிக்கும் வேலை. அயலிலிருந்து வரவழைப்பதோ விரைவில் முடிவது.

2006 சனவரியில் அதிபர் புஷ், நாட்டின் பாதுகாப்புக்கு இன்றியமையாத மொழிகளை வளர்க்கும் திட்டமொன்றை அறிவித்தார். அரபு, இந்தி, பாரசீகம், உருசியம் ஆகியவற்றோடு சீனமும் அதில் இடம்பெற்றது. கல்லூரி நிலைக்கு ஒப்பான சீனமொழிப் பாடத்துக்குக் காலேஜ் போர்டு நடத்திய முதல் தேர்வு 2007 மே மாதத்தில் நடந்தது. அத்தேர்வையும் பாடத்தையும் வகுக்கும் செலவில் பாதியை ஏற்றது சீன அரசு. தன் பாதுகாப்பின் பொருட்டு ஒரு மொழியை வளர்க்க முற்பட்ட வல்லரசு, அம்மொழிக்குரிய அரசிடமே பொருளையும் ஆசிரியரையும் வேண்டி நின்றது. இம்முரண் அன்று எவர் கண்ணையும் உறுத்தவில்லை.

ஆசிரியரை அனுப்பியது ஹான்பான் என்னும் அமைப்பு. பெய்ஜிங்கில் இயங்கிய அது சீனக் கல்வி அமைச்சகத்தைச் சார்ந்தது. அயல்நாடுகளில் சீனமொழி கற்பிக்கும் கன்பூசியஸ் நிறுவனங்களுள் முதலாவதை 2004-இல் சியோல் நகரில் தோற்றுவித்ததும் அதுவே. காலேஜ் போர்டோடு இணைந்து அது நடத்திய திட்டத்தின் வழி, 2010-க்குள் 300-க்கும் மேற்பட்ட விருந்தாசிரியர்கள் அமெரிக்கப் பள்ளிகளில் பணியாற்றினர். ஓர் ஆசிரியருக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 13,000 டாலரை ஹான்பான் மூன்றாண்டு வரை வழங்கியது. எஞ்சியதைப் பள்ளி வட்டாரம் ஏற்றது. 2008-இன் பொருளாதார நெருக்கடியால் பள்ளிகளின் நிதி சுருங்கியிருந்த காலம் அது. பிரெஞ்சு, செருமன் வகுப்புகள் பல இடங்களில் மூடப்பட்டன. சீன வகுப்புகளோ புதியனவாகத் திறக்கப்பட்டன. மாணவரின் ஆர்வமும் பெற்றோரின் எதிர்பார்ப்பும் அதற்குக் காரணங்களே. ஆயினும் ஊதியத்தின் ஒரு பகுதியை வேறொருவர் தருகின்றார் என்பதும் அவற்றோடு சேர்ந்த காரணம் என்பதை மறைத்தற்கில்லை.

அன்றைய பள்ளி நிருவாகிகளைக் குறைகூறுவது எளிது, நேர்மையன்று. சிற்றூர் ஒன்றின் கல்வி வாரியத்துக்கு உலக அரசியலை எடைபோடும் வாய்ப்பும் வசதியும் இல்லை. அதன் முன் நின்றது ஒரு பயன்: பிள்ளைகளுக்கு உலகின் பெருமொழி ஒன்று குறைந்த செலவில் கிடைக்கும் என்பது. நடுவண் அரசே அம்மொழியை ஊக்குவித்தது. பெயர்பெற்ற தேர்வு அமைப்பே இடைநின்று ஆசிரியரை அறிமுகம் செய்தது. இவ்விரண்டையும் நம்பிய ஊர் வாரியம் ஒப்பந்தத்தின் உட்பிரிவுகளைத் துருவிப் பார்க்கவில்லை. மேலிடத்தார் பார்த்திருக்க வேண்டும், அவரும் பார்க்கவில்லை.

சீனமொழி கற்பிப்பது எளிய பணியன்று. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அலுவலரைப் பயிற்றுவதற்கு ஸ்பானியத்தைவிட மும்மடங்கு காலத்தைச் சீனத்துக்கு ஒதுக்குகின்றது. வகுப்பறையில் மட்டும் 88 வாரம், ஏறத்தாழ 2,200 மணி நேரம். ஒரே அசை நான்கு தொனிகளில் நான்கு வெவ்வேறு பொருள் தரும். சீனப் பிள்ளைகள் தம் ஒன்பதாண்டுக் கட்டாயக் கல்வியில் ஏறத்தாழ 3,500 எழுத்துகளை அடையாளம் காணப் பழகுகின்றனர். இத்தகைய மொழிக்குத் தாய்மொழியாளர் ஒருவர் வகுப்பில் நின்று பேசுவதன் பயனை எந்த ஒலிப்பதிவும் ஈடுசெய்யாது. தொனி பிறழும் கணத்திலேயே அதனைக் கேட்டுத் திருத்தும் செவி வேண்டும். அச்செவியை அயலிலிருந்து வரவழைத்தது தக்க செயலே.

வந்த ஆசிரியரும் எளிய சூழலுக்கு வரவில்லை. ஐம்பது மாணவர் அமைதியாக அமர்ந்து கேட்கும் வகுப்புகளில் பழகியவர், இடைமறித்து வினவும் மாணவரையும், விரும்பினால் பாடத்தையே மாற்றிக்கொள்ளும் மாணவரையும் எதிர்கொண்டனர். மனப்பாடமும் ஓயாத எழுத்துப் பயிற்சியும் கொண்டு தாம் கற்ற முறையை அங்கு அப்படியே செலுத்த இயலவில்லை. விளையாட்டாலும் பாட்டாலும் உரையாடலாலும் மாணவரை ஈர்க்கும் வழியைக் கற்றனர். சீனரை அதற்குமுன் நேரில் கண்டிராத ஊர்களில் அவர்கள் வகுப்பாசிரியராக மட்டும் இருக்கவில்லை. ஒரு நாட்டின் முகமாகவும் இருந்தனர். குடும்பத்தைப் பிரிந்து வந்து உழைத்த அவர்தம் தொண்டைப் பிற்காலத்து ஐயங்கள் மறைத்துவிடலாகாது.

அத்தொண்டு வேரூன்றுதற்கு விதிகளே இடந்தரவில்லை. ஜே-1 என்னும் நுழைவிசைவில் வரும் பள்ளி ஆசிரியர் மூன்றாண்டு தங்கலாம். நீட்டிப்புப் பெற்றால் ஐந்தாண்டு. முதலாண்டு ஊரையும் வகுப்பையும் அறிவதில் கழியும்; இரண்டாமாண்டில் பணி செம்மைப்படும்; மூன்றாமாண்டில் விடைபெறும் நாள் நெருங்கும். அடுத்து வருபவர் மீண்டும் தொடக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். ஒரு மாணவர் தொடக்கப் பள்ளி முதல் உயர்நிலை வரை சீனம் கற்பதாயின், மூன்று நான்கு ஆசிரியர்கள் மாறியிருப்பர். குறுகிய காலத்துக்கு அழைப்பதில் பிழையில்லை. அக்குறுகிய காலத்துக்குள் உள்ளூர் ஆசிரியர் ஒருவரை உருவாக்கும் கடமையை ஒப்பந்தத்தில் எழுதாமல் விட்டதே பிழை. மானியம் தொடரும்வரை புதியவர் வந்துகொண்டிருப்பார் என்னும் நம்பிக்கையில் பல பள்ளிகள் நாள் கடத்தின.

ஆசிரியர் எவருக்குக் கடமைப்பட்டவர் என்னும் வினா முதலில் கனடாவில் உரக்க எழுந்தது. ஃபாலுன் கோங் என்னும் ஆன்மிக இயக்கத்தைச் சார்ந்தவர் ஹான்பான் வழியே பணிபெற இயலாது என்னும் நிலை வெளிப்பட்டபோது, மக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 2013-இல் தன் கன்பூசியஸ் நிறுவனத்தை மூடியது. கனடா நாட்டுச் சட்டம் பணி வாய்ப்பில் சமய வேறுபாட்டைத் தடுக்கின்றது. அந்நாட்டு வளாகத்தில் பணிபுரிபவரின் நியமனமோ அத்தடையைக் கடந்து நிகழ்ந்தது. 2014 அக்டோபரில் டொரண்டோ நகரப் பள்ளி வாரியமும் ஹான்பானோடு செய்திருந்த உடன்பாட்டைக் கைவிட முடிவெடுத்தது. பெற்றோர் இரு பக்கமும் நின்று வழக்காடிய அந்நிகழ்ச்சியில், மொழி வேண்டா என்றவர் அரியர். ஆசிரியரை அனுப்பும் அதிகாரம் எங்கிருத்தல் வேண்டும் என்பதே வழக்கின் மையமாயிற்று.

அமெரிக்கச் செனட் அவையின் விசாரணைத் துணைக்குழு 2019 பிப்ரவரியில் வெளியிட்ட அறிக்கை இதனை இன்னும் வெளிச்சமாக்கியது. 2006 முதல் கன்பூசியஸ் நிறுவனங்களுக்கெனச் சீன அரசு அமெரிக்கக் கல்விக்கூடங்களுக்கு வழங்கிய தொகை 15.8 கோடி டாலரைத் தாண்டியது. பள்ளிகளில் நடந்த கன்பூசியஸ் வகுப்பறைகள் 519 என அவ்வறிக்கை கணக்கிட்டது. ஆசிரியர் ஹான்பானோடு செய்த ஒப்பந்தத்தில், சீனச் சட்டத்தை மீறினாலோ சீன நாட்டு நலனுக்குக் கேடானவற்றில் ஈடுபட்டாலோ பணி முடியும் என்னும் விதி இருந்தது. பல்கலைக்கழக ஆய்வாளருக்குரிய நுழைவிசைவில் வந்தவர்கள் பள்ளிகளில் கற்பித்ததால், 30-க்கும் மேற்பட்டோரின் இசைவுகள் நீக்கப்பட்டன. இதே குறையைச் சுட்டி வெளியுறவுத் துறை 2012 மே மாதத்தில் ஒரு சுற்றறிக்கை விடுத்து, எதிர்ப்பு எழுந்ததும் சில நாளில் பின்வாங்கியிருந்தது. உரிய காலத்தில் திருத்தியிருப்பின் சிறிய சீரமைப்பாக முடிந்திருக்கக் கூடியது, ஏழாண்டுக்குப் பின் பெரும் பூசலாக வெடித்தது.

அதன்பின் அரசு நடந்துகொண்ட முறையும் பாராட்டத்தக்கதன்று. கன்பூசியஸ் நிறுவனம் உள்ள பல்கலைக்கழகங்களின் சீனமொழித் திட்டங்களுக்குப் பாதுகாப்புத் துறையின் நிதி தடுக்கப்பட்டது. 2020 ஆகஸ்டில் அந்நிறுவனங்களின் அமெரிக்கத் தலைமையகம் அயல்நாட்டுத் தூதரகப் பணியகமாக அறிவிக்கப்பட்டது. அதற்குச் சற்று முன்னரே ஹான்பான் தன் பெயரை மாற்றிக்கொண்டு, கன்பூசியஸ் நிறுவனங்களின் பொறுப்பை ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைத்திருந்தது. ஒரு காலத்தில் நூறு வளாகங்களில் இருந்தவை 2023-க்குள் ஐந்துக்கும் குறைவாயின. பல்கலைக்கழக நிறுவனத்தைச் சார்ந்திருந்த பள்ளி வகுப்பறைகளும் தம் புகலை இழந்தன. ஐயத்துக்குரிய ஏற்பாட்டை அகற்றியவர்கள், அதே விரைவோடு உள்ளூர் ஆசிரியரை நியமிக்கவில்லை. அகற்றுவதற்கு ஓர் ஆணை போதும். ஆசிரியரை உருவாக்குவதற்குப் பல ஆண்டுகள் தேவை. இடையில் பாடம் இழந்தவர் மாணவரே.

ஆத்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் காட்டிய நிதானம் குறிப்பிடத்தக்கது. அம்மாநிலக் கல்வித் துறையின் உள்ளேயே ஒரு கன்பூசியஸ் நிறுவனம் இயங்கியது. 13 அரசுப் பள்ளிகளில் அதன் வகுப்பறைகள் நடந்தன. மறுஆய்வு செய்த அரசு, பாடத்தில் அரசியல் திணிக்கப்பட்டதற்குச் சான்று கிடைக்கவில்லை என்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. எனினும் அயலரசு ஒன்று நியமித்தவர்கள் ஓர் அரசுத் துறைக்குள் அமர்ந்திருப்பதே தகாத தோற்றத்தைத் தருகின்றது என்று கருதி, 2019 ஆகஸ்டில் அத்திட்டத்தை முடித்துவைக்க முடிவு செய்தது. சீனமொழி வகுப்புகள் மாநிலத்தின் சொந்தப் பொறுப்பில் தொடரும் என்றும் அறிவித்தது. குற்றம் மெய்ப்பிக்கப்படாத ஆசிரியர் மேல் பழி சுமத்தாமல், ஏற்பாட்டின் குறையை மட்டும் நீக்கிய தீர்ப்பு அது.

விருந்தாசிரியர் அனைவரையும் ஒற்றராகக் காண்பது அறிவீனம். ஆயினும் ஓர் ஆசிரியர் தம் ஊதியமும் எதிர்காலமும் பிற அரசின் கையில் இருக்க வகுப்பில் நிற்கும்போது, அவரது நிலை இரங்கத்தக்கது. தைவானைப் பற்றியோ 1989-இல் தியானன்மென் சதுக்கத்தில் நிகழ்ந்ததைப் பற்றியோ மாணவர் ஒருவர் கள்ளமின்றி வினவினால், அவர் என் செய்வார்? தாம் அறிந்ததைச் சொன்னால் ஒப்பந்தம் அச்சுறுத்தும். பேச்சை மாற்றினால் ஆசிரியர் கடமை வழுவும். எவரும் அவருக்கு ஆணையிட வேண்டியதில்லை, தாமே அடங்குவார். அவ்விக்கட்டில் அவரை நிறுத்தியது அழைத்த பள்ளியின் சிக்கனம். அவருடைய ஊதியத்தைப் பள்ளியே முழுதும் தந்து, ஒப்பந்தம் அழைத்த நாட்டின் சட்டத்தின்கீழ் அமைந்திருந்தால், அவருக்கும் அது பாதுகாப்பாயிருக்கும்.

இவ்வகையில் சீனமே நல்லாசிரியராக நிற்கின்றது. தன் நாட்டுக்கு ஆங்கிலமும் பிற மொழிகளும் கற்பிக்க அயலாரை அது பல்லாயிரவராக அழைத்துள்ளது. அவர்களை வேலைக்கு அமர்த்துவது சீனக் கல்விக்கூடம். ஊதியம் சீனப் பணம். ஒப்பந்தம் சீனச் சட்டத்துக்கு உட்பட்டது. 2021 சூலையில் தனிப்பயிற்சித் தொழிலைக் கட்டுப்படுத்திய ஆணையில், வெளிநாட்டில் இருந்துகொண்டு இணையவழி கற்பிக்கும் அயலாரை அமர்த்துவதையும் அது தடுத்துவிட்டது. அத்தடையின் கடுமை நமக்கு உடன்பாடன்று. எனினும் தன் பிள்ளைகளுக்குக் கற்பிப்பவரைத் தானே தேர்ந்து தானே ஊதியம் அளிக்கும் உரிமையைச் சீனம் எவருக்கும் விட்டுத்தரவில்லை. அவ்வுரிமையைப் பிற நாடுகளும் பேணுவதில் சீனம் குறை காண இடமில்லை.

நம் நாட்டுக்கும் இதில் நெடிய வரலாறு உண்டு. 1927-இல் மலாயாவில் தாகூரைச் சந்தித்த தான் யுன்-ஷான் என்னும் சீன அறிஞர், மறு ஆண்டே சாந்திநிகேதன் வந்து சீனம் கற்பிக்கத் தொடங்கினார். 1937 ஏப்ரலில் அங்குச் சீன பவனம் எழுந்தது. அதற்குரிய பொருளும் நூல்களும் பெரும்பகுதி சீனத்திலிருந்தே திரட்டப்பட்டன. ஆயினும் பவனம் விசுவபாரதியின் உறுப்பாகவே இருந்தது. அதன் நோக்கத்தை வகுத்தவர் தாகூர். தான் யுன்-ஷான் இந்நாட்டிலேயே நெடுங்காலம் வாழ்ந்து 1983-இல் புத்தகயையில் மறைந்தார். அயலார் நன்கொடை மட்டுமே ஆபத்தன்று, ஆட்சியுரிமையை நன்கொடையோடு சேர்த்துக் கொடுத்துவிடுவதே ஆபத்து என்பதை அவ்வரலாறு காட்டுகின்றது.

அத்தொடக்கத்தை நாம் பேணவில்லை. 1962-இன் இந்திய-சீனப் போரையொட்டி இந்தியச் சீனர் ஏறத்தாழ 3,000 பேர் இராசத்தானத்துத் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டனர். பலர் பின்னர் நாட்டை விட்டே அகன்றனர். வீட்டில் சீனம் பேசிய நம் குடிமக்களையே பகைவராகக் கண்ட நாடு, பிற்காலத்தில் சீன ஆசிரியரைத் தேடிப் பெய்ஜிங்கின் கதவைத் தட்ட நேர்ந்தது.

2010 டிசம்பரில் சீனத் தலைமை அமைச்சர் வென் சியாபாவோ தில்லி வந்தபோது வெளியான கூட்டறிக்கையில், சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் மாண்டரின் எனப்படும் சீனமொழி 2011 ஏப்ரல் முதல் கற்பிக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. 2012 ஆகஸ்டில் அவ்வாரியம் ஹான்பானோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தது. மொழியை அறிவித்தபின் ஆசிரியரைத் தேடிய அந்த வரிசையே தலைகீழானது. 2020 சூனில் கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையோடு நேர்ந்த மோதலில் நம் வீரர் 20 பேர் உயிர் நீத்தனர். மறுமாதம் வெளியான தேசியக் கல்விக் கொள்கையின் அயல்மொழிப் பட்டியலில், 2019-இன் வரைவில் இருந்த சீனம் இடம்பெறவில்லை. கொரியமும் சப்பானியமும் தாய்லாந்து மொழியும் இடம்பெற்றன. மும்பை, சலந்தர், சோனிபத், குருகிராம், கொல்கத்தா ஆகியவற்றோடு வேலூரிலும் கோவையிலும் இயங்கிய ஏழு கன்பூசியஸ் நிறுவனங்கள் மறுஆய்வுக்கு உட்படுத்தப்பட்டன.

ஒப்பந்தங்களை ஆராய்ந்தது நடுவண் அரசின் கடமை. மொழியைப் பட்டியலிலிருந்து விலக்கியதை அவ்வாறு கொள்ள இயலாது. எல்லையில் பகை மூளும்போது அயலாரின் மொழியறிவு மிகுதியாகத் தேவைப்படுமேயன்றிக் குறையாது. அமெரிக்கா தன் பாதுகாப்பின் பொருட்டே சீனம் கற்கத் தொடங்கியது; நாமோ பாதுகாப்பின் பொருட்டே அதனைக் கைவிட்டோம். இருநாடும் ஒரே தவற்றைச் செய்தன. ஆசிரியர் நியமனத்தில் இருந்த குறையை மொழியின் குறையாகக் கொண்டன.

சீனர் தமிழ் கற்ற வரலாறு இங்கு எண்ணத்தக்கது. சீன வானொலியின் தமிழ் ஒலிபரப்பு 1963-இல் தொடங்கியது. தமிழ்ப்பெயர் சூடிய சீனர் தூய தமிழில் செய்தி வாசிப்பதைக் கேட்டு நம் நாட்டு நேயர்கள் மன்றங்கள் அமைத்து மடல் எழுதினர். அயலாரின் துணை பெற்றுக் கற்றாலும், ஒலிவாங்கியின் முன் அமரத் தம் மக்களையே சீனர் பயிற்றினர். 1962-இன் போருக்கு மறு ஆண்டில் அவ்வொலிபரப்பு தொடங்கியது என்பதையும் நாம் மறத்தலாகாது. பகையை அவர்கள் மொழி கற்பதற்குத் தடையாகக் கொள்ளவில்லை.

ஆகவே நாம் கூறுவன இவை. சீனமொழி நம் பள்ளிகளின் விருப்பப்பாடப் பட்டியலுக்குத் திரும்புதல் வேண்டும். விருந்தாசிரியரை அழைக்கலாம், அழைப்பு சீனத்துக்கு மட்டுமன்றித் தைவான், சிங்கப்பூர், மலேசியா ஆகியவற்றுக்கும் திறந்திருத்தல் வேண்டும். தேர்வு நம் கல்வி வாரியத்தாலும், ஊதியம் நம் வரவு-செலவுத் திட்டத்திலிருந்தும், ஒப்பந்தம் நம் சட்டத்தின்படியும் அமைதல் வேண்டும். பாடநூலை நம் அறிஞரே வகுத்தல் வேண்டும்.

ஒவ்வொரு விருந்தாசிரியரோடும் உள்ளூர் ஆசிரியர் ஒருவரை அதே வகுப்பில் இணைத்து, குறித்த ஆண்டுக்குள் அவர் தனித்து நின்று கற்பிக்கும் தகுதி பெறுமாறு செய்தல் வேண்டும். இங்கிலாந்து 2016-இல் தொடங்கிய சீனமொழித் திட்டத்தில், 5,000 மாணவர் என்னும் இலக்கோடு 100 புதிய ஆசிரியரைப் பயிற்றும் இலக்கையும் சேர்த்தே வைத்தது. அந்த இணைப்பு நமக்கு முன்மாதிரியாகட்டும். சவாகர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும் தில்லிப் பல்கலைக்கழகத்திலும் விசுவபாரதியிலும் சீனம் பயின்று வெளிவரும் இளைஞர்க்குப் பள்ளிகளில் நிலையான பணியிடமும் தக்க ஊதியமும் இருப்பின், அயலாரை அழைக்கும் தேவையே ஆண்டுதோறும் குறையும்.

இவற்றுக்குப் பணம் வேண்டும் என்பதை நாம் அறிவோம். பள்ளிக்குப் பணமில்லை என்னும் விடையையும் பலமுறை கேட்டுள்ளோம். பிறர் தரும் மானியத்தை ஏற்றுத் தொடங்கிய வகுப்புகள் பிறருடைய பூசலில் மூடப்பட்டதை அமெரிக்க வரலாறு காட்டிவிட்டது. அவ்வாறு சேமித்த பணத்தினும் இழந்த காலத்தின் மதிப்பு பெரிது. சீனமொழியைக் கற்பது நம் தேவை. அதற்காகும் செலவும் நம்முடையதே.